முட்டை

திங்கள் முதல் சனி வரை
ஆலையில் லாரிகளின் எடை எழுதுகிறேன்.
செம்பனைக் குலையோடு ஒரு தடவை,
இறக்கிவிட்டு ஒரு தடவை.

ஞாயிற்றுக்கிழமை
துரோலாக் பாலத்தடியில்
மீன்களின் நீளம் எழுதுகிறேன்.
மூக்கு நுனியிலிருந்து வால் கவை வரை.
வால் நுனி வரை அல்ல.
இதைப் புரியவைக்கவே
இரண்டு மாதம் போயிற்று.

மீன் இலாகாவின் ஹஸ்னா
ஓரத்தில் அடிக்கோல் ஒட்டிய பலகை ஒன்று தந்தாள்.
ஒரு தொங்குதராசு, ஒரு நோட்டு,
ஆறு பேருக்கு ஆறு பென்சில்.
பேனா வேண்டாம், தண்ணீர் பட்டால்
பேனா அழும் என்றாள்,
அரைகுறைத் தமிழில்.

பொன்னுரங்கம் அண்ணன்
ஒவ்வொரு செபாராவுக்கும் விரல்கடை கூட்டிச் சொல்வார்.
நானோ எடைமேடைக்காரி.
குலைக்கடியில் மணல், நனைத்த தார்ப்பாய்,
எல்லாம் பார்த்தவள்.
பலகையில வையுங்க அண்ணே என்பேன்.
வைப்பார்.
மீன் சுருங்கும்.

தெங்காஸ் என்று நாங்கள் எழுதியதில்
பாதி கெலாக் குஞ்சு.
பா சிடின் ஆற்றின் மேல்பக்கத்துக் கம்போங்காரர்,
மீனின் கீழுதட்டை நகத்தால் தூக்கிக் காட்டினார்,
ஒன்றில் தொங்கும் சதை, மற்றதில் இல்லை.
மூன்று பக்கங்களைக் குறுக்கே அடித்தோம்.
அவர் சிரிக்கவில்லை. அதுதான்
இன்னும் உறுத்தியது.

இதெல்லாம் கஷ்டமில்லை.
ஒன்றும் அகப்படாத நாளை
எழுத ஒருவரும் சம்மதிக்கவில்லை.
நாலு மணி நேரம் கொசுக்கடியில் உட்கார்ந்து
வெறும் வாளியோடு போனதை
பெண்டாட்டிக்கே சொல்லவில்லை,
அரசாங்கத்துக்கா சொல்வேன்
என்றார் அந்தோணிசாமி.
ஹஸ்னா சொன்னாள்:
வந்த மீனை விட
வராத மீன் எனக்கு முக்கியம்.

அப்புறம் விழத் தொடங்கின முட்டைகள்.
பள்ளிக்கூடத்தில்கூட இத்தனை வாங்கியதில்லை
என்று தானே தன் பக்கத்தைப் புரட்டினார் அந்தோணிசாமி.

எட்டு மாதக் கணக்கை
பாலாய் ராயாவில் விரித்தாள்.
மின்விசிறி காகிதத்தைத் தூக்கத் தூக்க
ஆளுக்கொரு மூலை பிடித்துக்கொண்டோம்.
எல்லாரும் எதிர்பார்த்தது ஒன்றே:
ஆலைக் கழிவுக் குட்டை,
அதன் கறுப்பு, அதன் நாற்றம்.
கணக்கும் சொல்லிற்று,
ஆலைக்குக் கீழே முட்டைக்கு மேல் முட்டை.

ஆனால் ஆலைக்கு மேலே,
கூழாங்கல் தெரியும் தண்ணீரில்,
லம்பாம் மாதாமாதம் குட்டையாகிக்கொண்டே வந்தது.
அங்கே ஆலை இல்லை.
அங்கே நாங்கள்தான்.
வயிறு புடைத்த மீனாகப் பார்த்துப் பிடித்து
சினையைத் தனியாகப் பொரித்துத் தின்றவர்கள்.
சினை உண்டா என்ற கட்டத்தில்
உண்டு உண்டு உண்டு என்று
எழுதியிருந்தது என் கையெழுத்து.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு பாலத்தடி மடுவை
மூன்று மாதம் மூடுவது என்று ஆயிற்று.
பொன்னுரங்கம் முதலில் கை தூக்கினார்,
கோபமாகத்தான்.
மற்ற மடுக்களை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு
இன்னும் பதிலில்லை.

நான் சொல்லாதது ஒன்று உண்டு.
இரண்டு கணக்கையும் எழுதுவது
இந்த ஊரில் நான் ஒருத்திதான்.
டன் ஏறிய வாரங்கள் எனக்குத் தெரியும்.
அடுத்து வரும் ஞாயிறுகளும் தெரியும்.
வீட்டுக்கடன் இன்னும் பதினோரு வருடம்.

நேற்று இரவு
மீன் நோட்டின் ஓரத்தில்,
முட்டைகளுக்கு எதிரே,
வாரவாரியாக டன் கணக்கை எழுதினேன்,
நினைவிலிருந்து, சின்ன எழுத்தில்.
அடுத்த கூட்டம் பத்தாம் தேதி.
நோட்டை ஹஸ்னா வாங்கிப் புரட்டுவாள்.

பென்சிலால்தான் எழுதினேன்.
அழிக்கலாம்.
அழாது.